அக்கா இருந்தவரை

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி தேடி வீரபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தபோது, அஜிதா ஒரு பழைய வேட்டியின் கரையை ஒரே இழுப்பில் கிழித்து அவனிடம் நீட்டினாள். விவாகரத்தான பிறகு அவள் நேராக அவன் கையில் கொடுத்த முதல் பொருள் அது. வாங்கிக் கட்டினான். முடிச்சு நிற்காமல் வழுக்கியது. கல்லாற்று ஹோட்டலில் பரோட்டாக் கல் முன்னாலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்தவன்; கையெல்லாம் எண்ணெய்.

"ரொம்ப இறுக்காண்டாம். சேந்து நின்னா போதும்" என்றாள் அஜிதா.

மற்றதையெல்லாம் அவன் வருவதற்குள் அவளே செய்திருந்தாள். தாடையைக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி, அக்காவின் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் எடுத்து வைத்திருந்தாள். ஆவுடைத்தாய் அக்கா யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தூக்கத்திலேயே போயிருந்தாள். ஐம்பதுகூட ஆகவில்லை. புருஷனும் பிள்ளையும் இல்லாத அவளுக்குக் கொள்ளி போடத் தம்பிதான் இருந்தான்.

அன்று சனிக்கிழமை. காலையில் அத்தை எழுந்திருக்காததைப் பார்த்தது அவர்களுடைய எட்டு வயது மகள் இசக்கிசெல்வி. வீட்டில் வேறு யாரும் இல்லை. அத்தை அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்திருக்கிறாள். பசித்ததும் உலுக்கியிருக்கிறாள். பிறகு அத்தையின் போனை எடுத்து முதலில் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அப்பாவின் போன் மாவு அலமாரியில் கிடந்தது. வேலை நேரத்தில் கையில் போன் இருக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அடித்து அடித்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அஜிதா சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். பிரித்துப் போட்ட சேலையை மடிக்காமல் ஆட்டோ பிடித்துக் கரமனைக்கு ஓடிவந்து, ஹோட்டல் முதலாளியைக் கூப்பிட்டு அவனுக்குச் சொல்லியனுப்பினாள்.

குடும்ப நீதிமன்றம் பிள்ளையை இருவருக்கும் பங்கு வைத்துக் கொடுத்திருந்தது. வாரநாட்களில் அம்மாவிடம், ஆற்றுக்காலில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் வரை அப்பாவிடம், கரமனையில். பிள்ளைச் செலவுக்கு அப்பா மாதம் ஆறாயிரம் தர வேண்டும். காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சனியும் ஞாயிறும் கல்லாறு வழியாகப் பொன்முடி மலைக்கு வண்டி வண்டியாக ஆள் ஏறுகிற நாட்கள். அந்த இரண்டு நாளும் லீவு கேட்கிற பரோட்டா மாஸ்டர் மூன்றாம் நாள் வேறு வேலை தேட வேண்டியதுதான். ஆகக்கூடி, அப்பாவிடம் என்று நீதிபதி எழுதியது அக்காவிடம் என்றுதான் நடந்துகொண்டிருந்தது.

வீரபாண்டிக்கு எதையும் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளத் தெரியாது. கொசுறாக வாங்குகிற கறிவேப்பிலைக்கே நின்று வாதாடுகிற ஆள். ஆறாயிரத்தை மூன்றரையாகக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தான். வாரத்தில் பாதி நாள் பிள்ளை என் வீட்டில்தான் சாப்பிடுகிறது, என் அக்கா தலைசீவி விடுகிறாள், வீட்டுப்பாடம் எழுத வைக்கிறாள், அதையெல்லாம் கழிக்க வேண்டாமா என்பது அவன் கட்சி. அக்கா தன் கால் வலியோடு செய்ததையெல்லாம் இவன் தன் கணக்கில் எழுதிக்கொண்டான் என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. போன தடவை குடும்ப நீதிமன்றக் கவுன்சிலர் அக்காவைப் பற்றிக் கேட்டபோது அஜிதாவும் மறுக்கவில்லை.

"மைனி பிள்ளைய நல்லாத்தான் பாக்காங்க மேடம். அவங்க இருக்க தைரியத்துலதான் நான் அனுப்புகேன்."

அன்றைக்கு அது தனக்குச் சாதகமான பேச்சு என்று வீரபாண்டி சந்தோஷப்பட்டான். இப்போது அக்காவின் காலடியில் உட்கார்ந்திருக்கையில் அந்தப் பேச்சு முழுசாகப் புரிந்தது. அக்கா போய்விட்டாள் என்பது மனதில் இறங்குவதற்கு முன்னாலேயே, மகளோடு நடக்கிற திங்கட்கிழமை போய்விட்டது என்பது இறங்கிவிட்டது. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நினைக்கிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடித்து அவன் கரமனைக்கு வருவான். பிள்ளை தூங்கியிருக்கும். காலையில் அக்கா குளிப்பாட்டி ரெட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். பையை இவன் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் வரை கூட நடப்பான். வழியெல்லாம் செல்வி பேசிக்கொண்டே வருவாள், பாதி தமிழ், பாதி மலையாளம். டீச்சர் சொன்னது, ஷிஜியோடு சண்டை போட்டது, பிறகு சேர்ந்தது. அவனுக்குப் பாதி பிடிபடாது; ம், ம் என்பான். ஒரு வாரத்துக்கு அவனுக்கு வாய்த்த மகள் அவ்வளவுதான். அவனுக்கு அது போதுமாகவும் இருந்தது.

கடையநல்லூரிலிருந்து சித்தியும் ஆட்களும் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அஜிதா அந்த வட்டத்துக்குள் போகவில்லை. போகலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை. சுவரோரமாக நின்று, மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

வீட்டு ஓனர் தாசையன் வாசலில் நின்று மயானத்து ஆபீசோடு போனில் பேசிவிட்டு வந்தார். "நாலு மணிக்குச் சாந்திகவாடத்துல டைம் கெடச்சிருக்கு கேட்டோ. அதுக்கு முந்தி இங்கத்த காரியம் முடியணும்."

தண்ணீர் எடுக்க ஆட்கள் கிளம்பிய இடைவெளியில் வீரபாண்டி சித்தியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சித்தி, நீ கொஞ்ச நாள் இங்க இருக்கியா? வாரத்துல மூணு நாள்தான். பிள்ள வாற நாளைக்கு மட்டும்."

"எய்யா, ஒங்க சித்தப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. அவருக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்ற சித்தி, அவன் முகத்தையே பார்த்தாள். "ஒங்கக்கா மேல இன்னும் ஒரு குடம் தண்ணிகூட ஊத்தல. அதுக்குள்ள அவ இடத்துக்கு ஆள் தேடுதியே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அதோடு விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மிணியிடம் போனான். அக்காவோடு தினமும் வெற்றிலை போட்டவள். அவன் முடிப்பதற்குள்ளேயே அம்மிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என் காரியம் பாக்கவே வய்யா மோனே" என்று முழங்காலைக் காட்டினாள். பின்பக்கம் போய் முதலாளிக்குப் போன் போட்டான். வாரக்கடைசியில் வேண்டாம், மற்ற நாளெல்லாம் வருகிறேன், சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றான். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி அவன் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"வீரா, சனி ஞாயிறு இல்லாத மாஸ்டர் எனக்கு எதுக்கு? துக்கத்துக்கு மூணு நாள் எடுத்துக்கோ. சங்கடப்படாதே" என்றார் முதலாளி. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்டினார்கள். வாய்க்கரிசி போடச் சொன்னபோது செல்வியின் கையிலிருந்து அரிசி அத்தையின் வாயில் விழாமல் கன்னத்தில் வழிந்தது. அவள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் உதட்டின் மேல் வைத்தாள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

தைக்காட்டுச் சாந்திகவாடத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. மீசையை மழித்தான், அக்காவின் நெஞ்சின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினான், இரும்புக் கதவு திறந்து மூடியது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதான். தாசையன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். அக்காவுக்காக எவ்வளவு, தனக்காக எவ்வளவு என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பி வந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. ஈரத் தரையில் காலை வைத்ததும் சுவரோரம் இருந்த இரண்டு பைகள் கண்ணில் பட்டன. ஒன்று பள்ளிக்கூடப் பை. இன்னொன்று துணிப்பை, செல்வியின் கவுன்கள் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன. செல்வி அவனை யாரோ போலப் பார்த்துவிட்டு, பிறகு அடையாளம் தெரிந்து கேட்டாள்.

"அப்பா, மீச எவிட?"

"எடுத்துட்டேம்மா."

பின்பக்கம் துவைக்கிற கல்லின் அருகே அஜிதா தரை துடைத்த துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"பைய எதுக்கு கட்டி வச்சிருக்க?"

"பிள்ள எங்கூட வரட்டும்."

"இன்னைக்கு வரட்டும். அடுத்த வெள்ளிக்கிழம?"

அவள் துணியைப் பிழிந்தாள். "அடுத்த வெள்ளிக்கிழம இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்க கல்லாத்துல இருப்பிய."

"வேற வேல பாக்கேன்."

"பாருங்க."

அவள் குரலில் சண்டையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. வேறு வேலை பார்க்கிறேன் என்பதை அவள் கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டு வருகிறாள்.

"மனுவ வாபஸ் வாங்கிருதேன். ஆறாயிரம் அப்படியே இருக்கட்டும்" என்றான்.

அவள் துணியை இன்னொரு முறை முறுக்கினாள்.

"ஏழு தாறேன்."

"அதுக்கில்ல..."

"எட்டு. வட்டிக்கு வாங்கியாவது ஒண்ணாந்தேதி போட்டுருவேன். வெள்ளி, சனி எல்லாம் ஒங்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம ராத்திரி மட்டும் இங்க கொண்டாந்து விடு. திங்கக்கிழம நான் பள்ளிக்கூடத்துல விட்டுருதேன். அது போதும் எனக்கு. ஒம்பது வேணும்னாலும் சொல்லு."

ஆயுள் முழுக்க விலையை இறக்கிப் பேசியே பழகிய வாய், நிறுத்தத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போனது. அஜிதா பிழிந்த துணியைக் கல்லில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எனக்குத் துட்டு வேண்டாம். இனி ஒண்ணுமே தரண்டாம். கோர்ட்டுல அப்படியே எழுதிக் குடுத்திருகேன்."

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் அவன் வக்கீலுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது கிடைத்துவிட்டது.

"எனக்கும் ஞாயித்துக்கிழமதான கடையில கூட்டம்?" என்றாள் அவள். "மைனி இருக்கப்போய்த்தான் நானும் அந்த வேலைல நின்னேன். இனி பிள்ளைய எங்க விட்டுட்டு நிக்க? ஒங்களுக்கும் நாதியில்ல, எனக்கும் நாதியில்ல. நாகர்கோயில்ல அண்ணன் வீட்டுக்குப் போறேன். அண்ணிக்குப் பிடிக்காது. போய்த்தான் ஆவணும்."

"பள்ளிக்கூடம்?"

"அங்க சேக்கணும். திங்கக்கிழம போய் டி.சி. கேக்கணும். நீங்களும் கையெழுத்துப் போடணும்பாங்க."

"போடமாட்டேன்னு சொன்னா?"

"சொல்லுங்க" என்றாள். "பிள்ள எங்க இருக்கணும்னும் நீங்களே சொல்லுங்க. நான் கேக்கேன்."

கல்லாற்று ஹோட்டலின் மாடியில் ஆண்கள் வரிசையாகப் படுக்கிற ஹால் நினைவுக்கு வந்தது. பூட்டிய இந்த வீடு நினைவுக்கு வந்தது. சொல்வதற்கு வேறு இடம் இல்லை.

"காலைல அவ முதல்ல ஒங்களுக்குத்தான் அடிச்சிருக்கா" என்றாள் அஜிதா. குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மைனி... மைனி..." என்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்தது. அவளைத் தேற்றுகிற உரிமை அவனுக்கு இல்லை. கல்லிலிருந்த துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டான். அது கோணலாக விழுந்தது. அதைச் சரிசெய்தபடியே கேட்டான்.

"கையெழுத்துக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"ஒம்பதரைக்கு ஆபீஸ் தெறப்பாங்க."

"ம்."

இருட்டத் தொடங்கியபோது தாசையன் பிடித்து அனுப்பிய ஆட்டோ வந்து நின்றது. அஜிதா இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். செல்வி செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அப்பா, ஞான் போயிட்டு..."

சித்தி எட்டி அவள் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, துட்டி வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது. பேசாம நட."

செல்விக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். வீரபாண்டிக்கு நெஞ்சு முழுக்கப் பேச்சு இருந்தது. ஆனால் அவனும் சாவு வீட்டில் விடைபெறாத அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தான்.

அவள் போய் அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பியது. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் அவள் முகம் தெரிந்தது. தப்பித்தவறிக்கூட ஒரு சொல் வெளியே வந்துவிடக் கூடாது என்று, இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தபடி போனாள்.