எண்ணத் தெரிந்தால் போதும்

எங்கள் தெருவின் பெயர்ப் பலகையைக் கழற்றியது நான்தான். நான்கு ஆணி. மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவது துருப்பிடித்துச் சுவரோடு சுவராகிக் கிடந்தது. உளியை வைத்து இரண்டு தட்டு தட்டியதும் அதுவும் விட்டுவிட்டது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், "கடைசியில உன் தெருவையே ஒரு வழி பண்ணிட்டியே மாமா," என்றான். நானும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

நகரம் முழுக்க அந்த வேலைதான் நடந்தது. தெற்கு வடக்காகப் போவதெல்லாம் தெரு, கிழக்கு மேற்காகப் போவதெல்லாம் குறுக்கு. ஆற்றங்கரையில் ஒன்று என்று ஆரம்பித்து வரிசையாக எண். சாயக்காரர் தெரு மூன்றாம் தெரு ஆயிற்று. எங்கள் உப்புக்காரர் தெரு ஏழாம் தெரு. முதல் நாள் மாநகராட்சிப் பொறியாளர் பலகை மாட்டும் ஆட்களான எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "இனிமே யாரும் யார்கிட்டயும் வழி கேட்டு நிக்க வேண்டாம். எண்ணத் தெரிஞ்சா போதும்."

அவர் சொன்னது பொய்யில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை புது இடத்துக்கு வேலைக்குப் போனால், பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு இது எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறேன். எண் அப்படியில்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழு இருந்தே தீரும். இந்த ஏற்பாடு அப்போதே வந்திருந்தால் எனக்கு எத்தனையோ ஜோடி செருப்பு மிஞ்சியிருக்கும்.

எண்ண முடியாதவர் என் அண்ணன்.

அண்ணன் கொத்தனார். வெறும் மனையை ஒரு சுற்று நடந்துவிட்டு இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமென்ட் என்பார். வேலை முடியும்போது அரைக் கூடைச் செங்கல் மிஞ்சாது. கணக்குப்புலி என்பதே அவருக்குப் பேராகிவிட்டது. போன வருடம் சாரத்தில் பலகை நழுவித் தலைகுப்புற விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கை, கால், பேச்சு, படிப்பு, பழைய சண்டைகள், மூக்குக்கு மேல் வரும் கோபம் எல்லாம் அப்படியே இருந்தன. எண் மட்டும் போயிருந்தது. அண்ணி மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டால், "விரல்," என்பார்.

"வெளியில மூச்சு விடாதீங்க தம்பி," என்றாள் அண்ணி. "கை கால் போயிருந்தா சொல்லலாம். கணக்குப்புலிக்குக் கணக்கு போச்சுன்னா, நாலு பேர் சிரிப்பாங்க."

நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவருக்கு மிஞ்சியது காலை நடை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, எங்கே கட்டடம் எழும்புகிறதோ அங்கே போய் நிற்பார். சுவர் ஏறுவதைப் பார்ப்பார். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காவிட்டால் வேலிக்கு வெளியே நின்றே கத்துவார். மதியம் திரும்புவார். வழி பிசகினால், "உப்புக்காரர் தெரு எங்கங்க?" என்பார். அச்சகத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியிடம் திரும்புங்கள் என்பார்கள். வந்துவிடுவார். வந்து, அந்தச் சுவர் கோணல், இவனுக்குக் கலவை தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவார். அந்த நடை இல்லாவிட்டால் அவருக்குச் சோறும் இறங்காது, தூக்கமும் வராது.

பலகை கழற்றுவதற்கு முந்தின வாரம் எங்கள் மேஸ்திரி கேட்டார்: "காரணம் எழுதி மனு கொடுத்தா, பழைய பலகையைப் புதுசுக்குக் கீழேயே விட்டுடலாம்னு ஆர்டர் வந்திருக்கு. உங்க தெருவுல யாருக்காவது வேணுமாய்யா?"

காரணம் எழுத வேண்டும். எழுதினால் அவர் படிப்பார், ஆபீஸ் படிக்கும். "யாருக்கும் வேணாங்க," என்றேன்.

பலகை மாறிய அன்று மாலை அண்ணனைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனேன்.

"இது ஏழு. இனிமே நம்ம தெரு ஏழாம் தெரு. எங்க, சொல்லு பார்ப்போம்."

"ஏழாம் தெரு."

அடுத்த தெருவுக்கு நடத்திப் போய், "இது?" என்றேன்.

"ஏழாம் தெரு."

"இது எட்டுண்ணே."

"ஏன்டா, இந்த ஏழு கறுப்பா செவப்பா? குட்டையா நெட்டையா? ஒரு அடையாளம் சொல்லு, பிடிச்சுக்கறேன். மூஞ்சியே இல்லாத ஆளைக் கூட்டத்துல எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

கூட வந்த அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் ஒரு சீட்டில் ஏழாம் தெரு, நான்காம் குறுக்கு என்று எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

சீட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும், அவர் பழைய பேரைச் சொல்லிக் கேட்டாலும், எண்ணை வைத்து நன்றாகத்தான் வழி சொன்னார்கள். நாலு தெரு தள்ளி, ரெண்டாவது குறுக்கில் திரும்புங்கள். தலையை ஆட்டிவிட்டு நடப்பார். முதல் நாள் ஒரு மணி நேரம் தாமதம். மறுநாள் இரண்டு மணி நேரம். சட்டை நனைந்து வந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் நல்லவங்கதான்டா. நிறுத்தி நிதானமா சொல்றாங்க. எனக்குத்தான் வந்து சேர மாட்டேங்குது."

"நாளைக்கு நான் கூட வர்றேன்," என்றாள் அண்ணி.

"நான் என்ன ஆட்டுக்குட்டியா, கயிறு கட்டி ஓட்டிட்டு வர?"

அவள் கண் அசந்த நேரத்தில் மறுநாளும் கிளம்பிவிட்டார். மூன்று மணிக்கு அண்ணி எனக்குப் போன் செய்தாள். அப்போதுதான் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே லாரியைக் கிளப்பினான்.

"கவலைப்படாத மாமா. இப்பத்தான் எல்லாம் வரிசையா இருக்கே. ஒண்ணுல ஆரம்பிச்சு வருவோம், ஒரு தெரு தப்பாது."

தப்பவில்லை. ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை எல்லாத் தெருவும் இருந்த இடத்தில் இருந்தன. அண்ணன்தான் எதிலும் இல்லை.

வெளிச்சம் மங்கும்போது மேஸ்திரியிடம் சொல்லலாம் என்று மரம் அறுக்கும் மரவாடியை ஒட்டி எங்கள் சாமான் கிடக்கும் யார்டுக்குத் திரும்பினோம். கழற்றிய பலகைகளையெல்லாம் அங்கேதான் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தோம். அவற்றுக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் உப்புக்காரர் தெரு. செருப்பை வீட்டுவாசலில் விடுவது போல ஒழுங்காக ஓரம் விட்டிருந்தார்.

"வாடா. எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறது?"

"இங்க எப்படிண்ணே வந்த?"

"ஒரு கடைக்காரன் சொன்னான். உப்புக்காரர் தெருவா பெரியவரே, அதைக் கழற்றி மரவாடி யார்டுல போட்டாச்சேன்னான். மரவாடி எனக்குத் தெரியாதா? விசாரிச்சேன், வந்துட்டேன்." பலகையைத் திரும்பிப் பார்த்தார். "தெரு இருக்கு. வீட்டைத்தான்டா காணோம். எங்க வச்சீங்க?"

சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். நல்ல வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும், ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மேஸ்திரி பக்கத்தில் வந்தார்.

"இவரு கணக்குப்புலி இல்ல?"

எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அன்னைக்கு உன்கிட்ட வாயை விட்டுக் கேட்டேனேய்யா," என்றார் மேஸ்திரி. "பேர் அங்கேயே இருந்திருந்தா ஜனங்க வாயிலயும் இருந்திருக்கும்ல."

யாரையும் கேட்காமல் அந்தப் பலகையை அவரே தூக்கி லாரியில் போட்டார். மறுநாள் விடிந்ததும் அதை ஏழுக்குக் கீழே மாட்டினேன். பழைய ஓட்டைகளே போதுமாக இருந்தன. அண்ணி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இது தெருமுனை வரைக்கும் வந்து சேர்ந்தவருக்குத்தானே தம்பி உதவும்? தெருமுனைக்கு வர்றதுதானே அவருக்குப் பாடு?"

வீட்டுக்குப் போய் உள்பக்கமாகக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடவே போன நான் தடுக்கவில்லை.

அண்ணன் சட்டையை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்தார். கதவை இழுத்துப் பார்த்தார்.

"சாவி எங்க?"

"ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க," என்றாள் அண்ணி. "கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தனை நாள்?"

அண்ணி என்னைப் பார்த்தாள்.

"பத்து நாள்ண்ணே," என்றேன்.

"பத்தா?" அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். "பத்துன்னா பரவாயில்ல," என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

இது மூன்றாவது மாதம். தினமும் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கேட்கிறார். பத்து நாள் என்கிறோம்.