பத்தாவது அதிசயம்

பிளாங்கல் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கெப்ஹார்ட் நிக், ஐம்பத்தோரு வயது வரை பொய் எதுவும் எழுதியதில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. நானூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற மலைக் கிராமத்தில் பிறப்பு, இறப்பு, நாய் உரிமம் தவிர எழுத வேறு என்ன இருக்கிறது?

லீக்டன்ஸ்டைனுக்கு வருகிற சுற்றுலாப் பேருந்துகள் தலைநகர் வாடூஸில் முக்கால் மணி நேரம் நிற்கும். ஜனங்கள் இறங்கி, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, ஐஸ்கிரீம் தின்றுவிட்டு ஆஸ்திரியாவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பேருந்துகளில் நாலையாவது மலையேற்றிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது பிளாங்கல் ஊர்த்தலைவர் ஹூப்பின் நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு கையேடு போட முடிவானது. அட்டையில் தலைவரின் படம் இருந்ததால் அட்டையை முதலில் அச்சடித்துவிட்டார்கள், ஐயாயிரம் பிரதி. ‘பிளாங்கலின் பத்து அதிசயங்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

உள்ளே என்ன எழுதுவது என்பதை கெப்ஹார்டிடம் விட்டார்கள். தேவாலயத்தை அவன் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டாக்கினான். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையைச் சேர்த்தான். யாரோ ஒரு பிரபுவின் குதிரை வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படும் வளைவையும் விட்டுவைக்கவில்லை. மூச்சுப் பிடித்து ஒன்பது வரை வந்துவிட்டான். பத்தாவது கிடைக்கவில்லை.

அச்சகத்துக்குத் தாள் போகவேண்டிய நாள் காலையில் அக்கா பால்பினாவின் வீட்டுக்குப் போனான். ஊருக்கு மேலே, புல்வெளி ஓரம் அவள் வீடு. பதினோரு மாடுகள். தொழுவச் சுவரை ஒட்டி ஒரு பலகை கிடக்கும். பால் கறந்து முடித்ததும் அதில் உட்கார்ந்துதான் அவள் பூட்ஸைக் கழற்றுவாள். அன்று மாடுகள் மேலே மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கெப்ஹார்ட் அந்தப் பலகையில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த வறுத்த சோளமாவையும் காபியையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ஒரு சத்தமும் இல்லை. தாளை எடுத்து எழுதினான்: ‘அமைதி ஆசனம். ஐரோப்பாவிலேயே ஒன்றும் கேட்காத இடம். முன்னோர் தியானித்தது.’

முன்னோர் என்ற சொல் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அவர்களும் பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஜூனில் முதல் பேருந்து வந்தது. மற்ற ஒன்பதையும் ஜனங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்து முடித்துவிட்டார்கள். பத்தாவதுக்கு மட்டும் இறங்கினார்கள். நாற்பத்தெட்டு பேர். மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டி ஒலிபெருக்கியில், “எல்லாரும் அமைதியா இருங்க! இப்ப அமைதி கேக்கப் போறீங்க!” என்று அலறினாள். ஒவ்வொருவராக அந்தப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் கண்ணை மூடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். “எப்ப ஆரம்பிக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

ஜூலையில் ஒரு நாளைக்கு ஆறு பேருந்து. அமைதிக்காக வரிசையில் நின்றவர்கள் போட்ட சண்டை அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்டது. பால்பினா தொழுவத்தை விட்டு வெளியே வந்தால், “கொஞ்சம் நகருங்க, படத்துல விழுறீங்க” என்றார்கள். அவள் தொழுவத்து வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பழகிக்கொண்டாள். வாய் திறக்கவில்லை. தம்பி எழுதியது அல்லவா.

ஆனால் யாரோ ஒரு பயணி இணையத்தில் எழுதிவிட்டார்: ‘அமைதி நன்று. மாட்டு மணிச் சத்தம் தாங்கவில்லை. இரண்டு நட்சத்திரம்.’ ஹூப் அன்றைக்கே கெப்ஹார்டை இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

“பால்பினா அம்மா, ஒரு சின்ன உதவி. காலைல பத்துலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் மாடுங்களுக்கு மணி வேணாம்.”

“ஏன், மாடு தூங்கப் போகுதா?”

“பயணிங்களுக்குத் தொந்தரவா இருக்காம்.”

“மாட்டுக்குப் பயணிங்க தொந்தரவா இருக்காங்களே, அதை எங்க எழுதறது? பனி மூடுச்சுன்னா மணிச் சத்தத்தை வச்சுத்தான் மாடு எங்க நிக்குதுன்னு கண்டுபிடிப்பேன். நீங்க வந்து தேடித் தருவீங்களா?” அவள் தம்பி பக்கம் திரும்பினாள். “நீ என்னடா கம்முனு நிக்கிற? ஒலகத்துலயே ஒண்ணும் கேக்காத எடம்னு எழுதுனியே, உன் காதுல என்ன வெண்ணெயா வச்சிருந்தே?”

“ஐரோப்பாவுலன்னுதான்க்கா எழுதுனேன்.”

“ஆமா, ரொம்ப அடக்கம்.”

மறுநாள் ஊராட்சி மன்றம் கூடி, பகலில் மாடுகளுக்கு மணி கூடாது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் நகலைத் தட்டச்சு செய்து அக்காவிடம் கொடுக்க வேண்டியவனும் கெப்ஹார்டுதான். அவள் வாங்கிப் படித்தாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், பதினோரு மணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தொழுவத்தில் மாட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நாலாம் நாள் மூடுபனி இறங்கியது. ஆசனத்தில் ஓர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மணி இல்லாத ஃப்ளோரா என்கிற மாடு, வியர்வை உப்புக்கு ஆசைப்பட்டுச் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து அவர் வழுக்கைத் தலையை நிதானமாக ஒரு நக்கு நக்கியது. மனிதர் போட்ட கூச்சல் எதிர்மலையில் மோதி இரண்டு முறை திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் கலைந்து ஓட, மிரண்ட ஃப்ளோராவும் பனிக்குள் ஓடி மறைந்தது.

பால்பினா மூன்று மணி நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சரிவெல்லாம் அலைந்தாள். கெப்ஹார்டும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, நல்ல காலணியோடு சேற்றில் இறங்கித் தேடினான். கடைசியில் ஓடைக்கு மேலே, இன்னும் இரண்டடி வைத்தால் பாறைப் பள்ளம் என்கிற இடத்தில் அது நின்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

“நான் சொல்லிடறேன்க்கா.”

“என்னத்தச் சொல்லப் போற?”

“எல்லாம் புளுகுன்னு.”

சொல்லவும் செய்தான். மன்றத்தில் எழுந்து நின்று, அது அமைதி ஆசனம் இல்லை, தன் அக்கா பூட்ஸ் கழற்றும் பலகை, முன்னோர் யாரும் அங்கே தியானம் செய்யவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னான். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கெப்ஹார்ட், அது அச்சாயிடுச்சுப்பா,” என்றார் ஹூப் பரிவோடு.

“பொய்ங்க அது.”

“அச்சாகுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா பொய். ஐயாயிரம் பிரதி போனப்புறம் அது வரலாறு. உன் உணர்ச்சி புரியுது, கூட்டக் குறிப்புல ஏத்த வேணாம்.”

குறிப்பு எழுதுகிறவனே அவன்தான். கையில் பேனாவோடு நின்றான்.

பின்வரிசையிலிருந்து பால்பினா எழுந்தாள். “சரி, வரலாறாவே இருக்கட்டும். வரலாறுன்னா பூட்டி வைக்கணும்ல? கீழ வாடூஸ்ல கோட்டை இருக்கு. பிரபு குடியிருக்காரு, உள்ள ஒருத்தரையும் விடறதில்ல. யாராவது கொறை சொன்னாங்களா? கீழ நின்னு படம் எடுத்துக்கிட்டுச் சந்தோஷமாப் போறாங்க. இந்தப் பலகையையும் வேலி போட்டுப் பூட்டுங்க. உள்ள போகக் கூடாதுன்னு எழுதிப் போடுங்க. மதிப்பு ஏறும். தூரத்துலேருந்து பாக்குறவனுக்கு மணிச் சத்தம் எங்க தொந்தரவு?”

ஹூப்பின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு மூளை இத்தனை நாளும் மாட்டுத் தொழுவத்தில் கிடந்ததே என்று வருந்தினார்.

சாலையோரமாக வேலி போட்டார்கள். பேருந்துகள் கீழேயே நின்றன. ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கிசுகிசுத்தார்கள். உள்ளே போகத் தனி அனுமதி உண்டா என்று ரகசியமாக விசாரித்தார்கள். ஐந்து நட்சத்திரம் விழுந்தது. பதினோரு மணிகளும் மாடுகளின் கழுத்துக்குத் திரும்பின. வேலிச் சாவி பால்பினாவின் மேலங்கிப் பையில் இருந்தது.

செப்டம்பரில் ஹூப் அடுத்த பதிப்பைப் பற்றிப் பேச வந்தார். பன்னிரண்டு அதிசயம், அட்டை தயார் என்றார். கெப்ஹார்ட் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினான். குப்பைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருந்தான்.

“குப்பையா? கையேடு எழுதுற கையி அது!”

“அதனாலதாங்க.”

இப்போது ஊர்க் குப்பை நாள்காட்டி எழுதுவது அவன்தான். செவ்வாய் காகிதம், வெள்ளி கண்ணாடி, மாதக் கடைசியில் பழைய இரும்பு. செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலோரம் நின்று, எல்லா வாசலிலும் காகிதக் கட்டுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பான். இருக்கும். அப்புறம்தான் காபியைக் கையில் எடுப்பான்.