வரவேற்பு மேசைக்குக் கீழே

ஓட்டல் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிப்பது என் வேலை. கூர்மூக்கு ஹீல்ஸ் கட்டாயம். அதில் அடைபட்டு அடைபட்டு என் இரண்டாவது கால்விரல் நடுவில் மடங்கிவிட்டது. மடங்கிய இடம் மேடாகி, ஷூவில் உரசிக் காய்த்தும் போய்விட்டது.

"எல்லாம் இந்த ஷூவோட வேலைம்மா," என்றார் டாக்டர். "இப்போ கையால நிமித்தினா நிமிருது. தினமும் நீவி விடுங்க, விரலுக்கு இடம் இருக்கிற மாதிரி அகலமா, தட்டையா செருப்பு போடுங்க. விட்டா விறைச்சிடும். அப்புறம் ஆபரேஷன்தான்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"ரூல்னா ரூல்தாம்மா. வர்றவங்க பாப்பாங்கல்ல?"

"மேசை என் நெஞ்சு வரைக்கும் இருக்கு சார். என் காலை யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேன்ல," என்றார். அவர் காலில் மெத்தென்று ரப்பர் செருப்பு. குதிகால் வலியாம். ஊருக்குத்தானே உபதேசம்!

அன்றிலிருந்து மேசைக்குப் பின்னால் வெறுங்காலோடுதான் நிற்கிறேன். அவர் தலை தெரிந்தால் மட்டும் ஹீல்ஸை மாட்டிக்கொள்கிறேன். அவரை மதிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இந்தப் பாழாய்ப்போன விரல்தான் இன்னும் அவருக்குக் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறது.