கிட்டங்கியில் ஒரு வெல்டிங்

என் அப்பா கண்ணுச்சாமியைப் போல் நல்ல மனுஷன் போடியில் கிடையாது. அந்த நல்ல மனசால்தான் என் படிப்பே கவிழப் பார்த்தது.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். ஏல மையத்தில் மாதிரித் தட்டு முன்னால் வந்தால், அடிவரை கையை விட்டுப் புரட்டாமல் விலை கேட்க மாட்டார். நான் மகாராணி, மதுரையில் ஆராய்ச்சி மாணவி. இரண்டு அலுமினியத் தகடுகளை உருக்காமலே ஒட்டவைக்கும் ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்தான் என் ஆராய்ச்சி. சுழலும் முளை ஒன்றை இணைப்பில் இறக்கி நகர்த்தினால், உராயும் சூட்டில் உலோகம் இளகி, கேசரி கிண்டுவதுபோல் கலந்து ஒன்றாகிவிடும். எந்தப் பக்கத்து உலோகம் எங்கே போகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாக்கியிருந்தேன்.

என் வழிகாட்டி பிரபாகரன் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா. நெசமா?" என்று கேட்டார். பரிசோதித்துக் காட்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்தாம். கல்லூரி இயந்திரமோ பழுது. இளகிய உலோகம் மாதிரியே நகரும் களிமண்ணில், ஊரில் வைத்துச் செய்துகாட்டுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போடிக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று காலை அப்பா ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில், ஒரு தட்டில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு களிமண் பட்டைகளை ஒட்டி வைத்தேன். சிவப்பில் மட்டும் கழித்துப்போட்ட காயிலிருந்து எடுத்த பழுப்பு ஏலரிசிகளைப் பதித்தேன். களிமண் எங்கே ஓடியது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். முளை பொருத்திய துளைபோடும் இயந்திரத்தை நடுவில் ஓட்டி, மண்ணைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். படத்தின்படி அரிசிகள் முளையைச் சுற்றிவந்து சிவப்புப் பக்கமே குவிந்திருக்க வேண்டும். அந்தச் சனியன்களோ இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தன.

"ஏன் ஆத்தா மூஞ்சி இப்பிடித் தொங்குது?" என்றார் அப்பா.

"படமும் தட்டும் ஒத்துப்போகலப்பா. சார் கையெழுத்துப் போட மாட்டாரு."

படம் திறந்திருந்த லேப்டாப்பை மூடக்கூடத் தோன்றாமல், சாரை அழைத்துவர ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது தட்டின் மேல் துணி மூடியிருந்தது. சார் துணியை விலக்கினார். அரிசியெல்லாம் சிவப்புப் பக்கம், அச்சு அசலாக என் படத்தில் இருந்ததைப் போல! அதுவும் என் பழுப்பு அரிசி இல்லை. முதல்தரக் காயிலிருந்து எடுத்த கன்னங்கரிய, கொழுத்த அரிசி. சார் வருகிறார் என்று சரக்கையும் உயர்த்தியிருக்கிறார் அப்பா!

"அபாரம்மா! இவ்வளவு பொருத்தமா நான் பார்த்ததே இல்ல," என்று சார் பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் டாக்டர் மகாராணி. ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த நேரம் பார்த்து, சாருக்குப் பின்னால் நின்ற அப்பா எனக்குக் கண்ணடித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"அப்பா, இந்தத் தட்டு ஏலத்துக்கு வந்திருக்குன்னு வச்சுக்கங்க. எடுப்பீங்களா?"

பழக்க தோஷம். அப்பா குனிந்து, ஓர் அரிசியை நகத்தால் நெம்பி எடுத்து முகர்ந்தார்.

"எடுக்க மாட்டேன். மேல அடுக்குன சரக்கு இது. எவனோ ஊக்கை வச்சுக் குத்தியிருக்கான்," என்று சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"எவன்?" என்றேன்.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "நான்தான் சார். புள்ள காலையிலருந்து சாப்பிடல. மனசு கேக்கல."

சார் பேனாவை மூடினார். முதலில் எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"மண்ணு முளையோட ஒட்டிக்கிட்டே சுத்தும்னு கணக்குப் போட்டிருக்க. அது வழுக்கவும் செய்யுதோ என்னவோ. அதையும் சேர்த்து முதல்லருந்து போடும்மா."

முதலிலிருந்தா! எத்தனை மாதமோ! வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"என்னைய நல்லாத் திட்டு ஆத்தா," என்றார் அப்பா.

"திட்டாம, கொஞ்சுவாங்களா உங்கள?"

"அழுகையெல்லாம் அப்புறம். இன்னொரு தட்டு போடு. சிதறுறத என் கண்ணால பாக்கணும்," என்றார் சார்.

அப்பா வெரசாக ஓடிவந்து களிமண்ணைத் தூக்கப் போனார். "தொடாதீங்க!" என்று நானும் சாரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கூப்பிட்டது எந்த வியாபாரியோ, நான் இயந்திரத்தை நிறுத்தும்வரை அப்பா கையை வெளியே எடுக்கவே இல்லை.