சிவப்புப் பொட்டு வைத்த படம்

தம் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் தலைகுனிந்ததில்லை என்று தோட்டத்துத் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர், கொர்னேலியஸ் சொல்வதுண்டு. மறுத்துப் பேச ஆளில்லை. முந்தைய மூன்று தலைமுறையைப் பார்த்தவர்கள் கடலுக்கு அப்பால் கல்லறையில் இருந்தார்கள். நான்காவது தலைமுறை அவர்தான். அந்தத் தலை குனிந்த கதையைப் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போதும் கழுத்து மட்டும் நேராகவே இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு. மலாயாவில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தின் ஆறாம் ஆண்டு. புக்கிட் ரோத்தான் பக்கத்தில் அவர் வேலை பார்த்த தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வெளியாள் உள்ளே வர வேண்டுமென்றால் துரையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் 'வருகையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். உலு யாமிலிருந்து ஆஸ்பத்திரி டிரசர் அம்புரோஸ், தம் மகன் டெஸ்மண்டுக்குக் கொர்னேலியஸின் மகள், தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் டொரீனைப் பெண் பார்க்க வருவதாக எழுதியபோது, கொர்னேலியஸ் அந்தக் கட்டத்தைத்தான் நினைத்தார். துரை படிக்கிற தாளில் மகளின் கல்யாணத்தை எழுதுவதா? கோலா சிலாங்கூரில் கண்காட்சி நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அங்கே வாருங்கள், தற்செயலாகச் சந்தித்ததுபோல இருக்கும் என்று பதில் போட்டார்.

தற்செயலுக்கு ஏற்பாடு செய்வதற்காக வியாழக்கிழமையே, தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியையும் கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்க்கப் போனார்.

காய்கறிப் பந்தல், கோழிப் பந்தல் எல்லாம் தாண்டி, திடலின் ஓரத்தில் சித்திரச் சந்தை என்று ஆறு கூடாரங்கள். மாவட்ட அதிகாரியின் மனைவிக்குச் சித்திரத்தில் பைத்தியம் என்று பேச்சு. சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஓவியக்கூடக்காரர்களை அவர்தான் வரவழைத்தாராம். கடைசிக் கூடாரத்தில் சாலிம் என்ற அரபு வியாபாரி இருந்தார். பினாங்கில் நாகூர்க்காரர்களோடு வளர்ந்தவர். தமிழ் தண்ணீராக ஓடியது.

"வாங்க சார், உள்ள வாங்க. பாக்தாத், கெய்ரோ, பெய்ரூத், எல்லா ஊர்ப் படமும் இருக்கு. எழுதினவங்க அத்தனை பேரும் இன்னிக்கு உசுரோட இருக்கிறவங்க."

"உசுரோடவா?" என்றார் கொர்னேலியஸ். அவர் வீட்டுச் சுவரில் இருந்த படங்களை வரைந்தவர்கள் செத்து இருநூறு வருஷமாவது ஆகியிருக்கும். "அவனவன் நாளைக்கு மனசு மாறி வேற மாதிரி வரைவானே. எதை நம்பி வாங்குறது?"

ஒரு படத்தில் நீலக் கட்டங்கள் மட்டும். இன்னொன்றில் ஒரு மனிதனுக்கு முகம் மூன்று முக்கோணமாக இருந்தது. கணக்குப் புத்தகத்தில் பிழை தேடுகிற பார்வையோடு கொர்னேலியஸ் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். நடுச்சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்றுவிட்டார்.

மாதுளம்பழம் விற்கும் பெண்; பாக்தாத் ஓவியன் ஒருவன் வரைந்தது என்று கீழே எழுதியிருந்தது. கழுத்து கம்புபோல நிமிர்ந்திருந்தது. தலைமுடி விரிந்து கிடந்தது. இடது தோளில் துணி நழுவியிருந்தது. வலது புருவத்தை ஏற்றி, 'இதைத் தின்ன உனக்குத் தகுதி இருக்கிறதா?' என்று கேட்பதுபோல மூக்குக்கு மேலாகப் பார்த்தாள்.

அந்தப் புருவம் டொரீனுடையது. வேலை நாள் காலையில், "பால் வாங்கி வாம்மா" என்றால் அதே புருவம்தான் ஏறும்.

கொர்னேலியஸுக்கு வேர்த்தது. பாக்தாத்தில் இருக்கும் ஒருவன் புக்கிட் ரோத்தான் பெண்ணை எப்படிப் பார்த்தான் என்று யோசிக்க அவருக்கு நிதானம் இல்லை. தோள் தெரிகிறது, முடி விரிந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸ் வருகிறார். அவ்வளவுதான் தெரிந்தது. பிரமையோ என்று சன்னாசியைப் பார்த்தார். சன்னாசி படத்தைப் பார்த்தார், கொர்னேலியஸைப் பார்த்தார், தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சன்னாசி?"

"ஒண்ணுமில்லங்கய்யா. இந்த மூஞ்சி... எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு."

"எங்க பாத்தே?"

"உங்க வீட்லதான்யா. சொன்னா அடிப்பீங்க."

சந்தேகம் தீர்ந்தது. புது சைக்கிளுக்கு ஒதுக்கி வைத்திருந்த எண்பது வெள்ளிப் பணத்தை அப்படியே சாலிமின் கையில் திணித்தார். "படத்தைக் கழட்டுங்க. பேப்பர்ல சுத்திக் கொடுங்க."

சாலிம் சந்தோஷமாகப் பணத்தை வாங்கினார். படத்தைக் கழற்றவில்லை. ஒரு சின்னச் சிவப்புக் காகித வட்டத்தை எடுத்து, நாக்கில் தொட்டு, சட்டத்தின் மூலையில் ஒட்டினார். பிறகு ஓர் அட்டையை எடுத்தார்.

"உங்க பேரு சார்?"

"பேரு எதுக்கு?"

"வித்த படத்துக்குச் சிவப்புப் பொட்டு. வாங்கினவர் பேரு கீழ. எங்க தொழில்ல அதான் முறை. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குச் சந்தை முடியும், அப்ப எடுத்துக்கலாம். அதுவரைக்கும் படம் இங்கதான் இருக்கும். வெறும் சுவத்தைக் காட்டவா சார் நான் சிங்கப்பூர்லேருந்து வந்தேன்?"

"ஐயா பேரு கொர்னேலியஸுங்க" என்றார் சன்னாசி, உதவி செய்வதாக நினைத்து. "தலைமைக் கிராணி."

கொர்னேலியஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் நான்கு தலைமுறையில் யாரும் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்தப் பெருமையும் அவரே பரப்பியதுதான். இப்போது அது அவர் கழுத்தில் கிடந்தது. சாலிம் அழகான எழுத்தில் மூன்று மொழியில் எழுதி மாட்டினார்: 'வாங்கியவர்: திரு. கொர்னேலியஸ், தலைமைக் கிராணி.' ஒளித்துவைக்க வாங்கிய படத்துக்கு அவரே தம் பேரில் விளம்பரம் வைத்தாயிற்று.

சந்தையில் முதலில் விற்ற படம் அதுதான். ஆகவே எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தொழிலாளர் லயத்தில் இதே பேச்சு. சனிக்கிழமை துரையிடம் அனுமதி வாங்கி லோரியில் ஒரு கூட்டமே பார்க்கப் போய்வந்தது. கொர்னேலியஸ் அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை. மனைவி இசபெல் சோற்றைப் போட்டுவிட்டு, "பொம்பள படம் வாங்கினீங்களாமே?" என்று கேட்டபோது, "முதலீடு" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன மிக முட்டாள்தனமான ஒற்றைச் சொல் அதுதான் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸ் வந்தார், மனைவி முரியலோடும் டெஸ்மண்டோடும். பேருந்திலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொர்னேலியஸ் அவர்களைக் காய்கறிப் பந்தலுக்கு அழைத்துப் போனார். பூசணியைக் காட்டினார். தேங்காயைக் காட்டினார். அன்னாசியைக் காட்டினார். கோழிகளைக் காட்டிவிட்டு மறுபடி அன்னாசிக்கே வந்தார். டொரீனும் இசபெலும் பின்னால் நடந்தார்கள்.

"என்ன கிராணியார், இதே அன்னாசியை ரெண்டாந்தரம் பாக்குறோம் லா" என்றார் அம்புரோஸ். "இதையும் வாங்கிட்டீங்களா?"

முரியல் சிரித்தார். "நீங்க வாங்கின படத்தைக் காட்டுங்கண்ணே. ஊரே பாத்திருக்கு, நாங்க மட்டும் பாக்கக் கூடாதா?"

இனி தப்ப முடியாது. கொர்னேலியஸ் முன்னால் நடந்தார். படத்தில் இருப்பவள் டொரீன் என்று அம்புரோஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தச் சம்பந்தம் முறிந்தது. இந்தச் சம்பந்தம் மட்டுமா? இனி எந்த வீட்டார் வருவார்கள்? கூடாரத்துக்குள் நுழைந்ததும் அவர் படத்தைப் பார்க்கவில்லை, அம்புரோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்புரோஸ் படத்தைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். திரும்பி, டொரீனைப் பார்க்கவில்லை. கொர்னேலியஸைப் பார்த்தார். சிரிப்பில் அம்புரோஸின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள்கள். முரியல் கைக்குட்டையால் வாயை மூடினார். டெஸ்மண்ட் மட்டும் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தான்.

"மூஞ்சி அப்படியே இருக்கே!" என்றார் அம்புரோஸ், மூச்சு வாங்க. "அந்தக் கழுத்து! அந்தப் பார்வை! முடியை விரிச்சுப்போட்டா நம்ம கிராணியாரேதான்!"

கொர்னேலியஸ் அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தார். வீட்டில் அவர் கண்ணாடி பார்ப்பது சவரத்துக்கு மட்டும். அதுவும் உள்ளங்கை அளவுக் கண்ணாடி. தாடை மட்டும்தான் தெரியும். ஐம்பத்து மூன்று வருஷமாகத் தம் புருவம் எங்கே இருக்கிறது என்று அவர் கவனித்ததில்லை. அது பாக்தாத்தில் இருந்தது.

டொரீன் அருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தேன்பா. படத்தைப் பாத்ததும் எல்லாம் விறைச்சுப்போய்க் கையக் கட்டிக்கிட்டு நின்னுடுச்சுங்க. 'டீச்சர், பெரிய கிராணி ஐயா ஏன் பொம்பள வேஷம் போட்டிருக்காரு'ன்னு ஒண்ணு கேட்டுச்சு. நீங்க தெரிஞ்சுதான் வாங்கினீங்கன்னு நெனச்சேன்." சொல்லும்போது அவள் வலது புருவம் ஏறியிருந்தது.

அம்புரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொர்னேலியஸின் கையைப் பிடித்தார். "ஒரு உண்மையைச் சொல்றேன் சார். உங்ககிட்ட சம்பந்தம் பேசவே எனக்குப் பயம். விறைச்ச ஆளு, ஒரு வார்த்தை தப்பாப் பேசினா எழுந்து போயிடுவாருன்னு ஊர்ல சொன்னாங்க. பாத்தா, உங்க மூஞ்சியை நீங்களே காசு கொடுத்து வாங்கி, பேரையும் எழுதி, நாலு நாளா ஊரைச் சிரிக்க வச்சிருக்கீங்க! இப்படித் தன்னையே கேலி பண்ணிக்கிற மனுஷனை நான் பாத்ததில்ல. எங்களுக்குச் சம்மதம். பிள்ளைங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

இல்லை, நான் வாங்கியது மானத்துக்குப் பயந்து. சொந்த மூஞ்சிகூடத் தெரியாத மடையன் நான். உண்மை இதுதான். சொன்னால் குடும்ப கௌரவம் போய்விடும். சொல்லாவிட்டால் அவரிடம் ஒருநாளும் இருந்திராத நகைச்சுவை உணர்ச்சி அவர் பேரில் ஏறிவிடும். கொர்னேலியஸ் தலையை மட்டும் அசைத்தார். ஆசனத்திலிருந்து அருள் பாலிப்பதுபோல. அம்புரோஸுக்கு அதுவும் வேடிக்கையாகப் பட்டது, மறுபடி சிரித்தார்.

டெஸ்மண்ட் டொரீனிடம் போய், "உங்களுக்கு எந்தப் படம் பிடிச்சிருக்கு?" என்று கேட்டான். அவள் நீலக் கட்டங்களைக் காட்டினாள். இருவரும் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறதென்று கொர்னேலியஸுக்கு விளங்கவில்லை.

ஐந்து மணிக்குச் சாலிம் படத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "பாக்தாத்ல அந்தப் பையனுக்குக் கடுதாசி போடுறேன் சார். அவன் பாட்டியோட சின்ன வயசு மூஞ்சியைத்தான் இதுல வரைஞ்சான்; அந்தப் பாட்டி மாதிரி ஒருத்தர் மலாயாவுல இருக்காருன்னு."

ஊரடங்குக்கு முன் தோட்டம் திரும்ப வேண்டும். லோரியின் பின்புறம் கொர்னேலியஸ் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே சன்னாசி.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"சொன்னா அடிப்பீங்கன்னு சொன்னேனேய்யா."

சாலைத் தடுப்பில் மலாய்க் காவலர் லோரியை நிறுத்தினார். எல்லாரும் அடையாள அட்டையை எடுத்தார்கள். காவலர் கொர்னேலியஸின் மடியில் இருந்த பொட்டலத்தைச் சந்தேகமாகப் பார்த்து, காகிதத்தைக் கிழித்தார். உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தார். அண்ணாந்து கொர்னேலியஸைப் பார்த்தார். இன்னொரு முறை கீழே, இன்னொரு முறை மேலே. பிறகு பணிவாகக் காகிதத்தை மூடிவிட்டு, நீட்டிய அட்டையை வாங்காமலே, "போகலாம்" என்று கையசைத்தார்.

லோரி கிளம்பியது. கொர்னேலியஸ் அட்டையைப் பைக்குள் வைக்கப் போனவர், நிறுத்தி, அதில் ஒட்டியிருந்த தம் புகைப்படத்தைப் பார்த்தார். வலது புருவம் ஏறித்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலால் தம் நெற்றியைத் தொட்டு, அதைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார்.

"அது கீழ நிக்காதுங்கய்யா" என்றார் சன்னாசி.