கடைசிப் பெட்டி போகும்வரை

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை மாலை 5.48 மணிக்கு, மொரப்பூருக்கு அருகே ஒரு சரக்கு ரயில் சிக்னல் கிடைக்காமல் நின்றது.

தண்டவாளத்திலிருந்து நூறடி தள்ளியிருந்த வீட்டில் நஞ்சப்பன் அதன் ஊதலைக் கேட்டு எழுந்தார். முன்பக்க இரும்புக் கதவைச் சாத்தி உள்ளே பூட்டுப் போட்டார். பின்கதவுக்கும் போட்டார். ரயில்வே கேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னறை ஸ்டூலில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அவருக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். நான்கு வருடமாக மறதி நோய். மனைவி செல்லம்மாள் இடுப்பெலும்பு முறிந்து உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. மகள் மணிமேகலை, சர்க்கரை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள்.

அந்தப் பூட்டுகளை அப்பாவிடம் கொடுத்தவள் அவள்தான். போன வருடம் முழுக்க, ரயில் ஊதினால் போதும், அவர் தண்டவாளத்தை நோக்கி நடந்துவிடுவார். இரண்டு முறை அக்கம்பக்கத்தார் இழுத்து வந்தார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி அன்பு, இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றான். ஜனவரியில் இருவரும் தருமபுரியில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தார்கள். மறதி நோயாளிகளுக்கு அங்கே தனிப் பிரிவு இருந்தது. பொறுப்பாளர் அம்மா சொன்னார்: "அவங்க எந்தக் காலத்துல இருக்காங்களோ அதுலயே விட்டுப் பேசுங்க. திருத்தாதீங்க. வூட்டுக் கதவுல உள்பூட்டு, தாழ்ப்பா மட்டும் இருக்கக் கூடாது."

மணிமேகலை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஒரு நோட்டு, இரண்டு பூட்டு எல்லாவற்றையும் அப்பா முன்னால் வைத்தாள். "இனிமே இதுதான் உங்க கேட்டு" என்றாள்.

ஐந்து வாரம் அவர் வெளியே போகவில்லை. ரயில் வந்தால் பூட்டுவார், கடைசிப் பெட்டி கடந்ததும் திறப்பார். "பாத்தியா?" என்று தம்பியிடம் போனில் கேட்டாள். "இதுக்கு மேல ஏதாச்சும் ஆச்சுன்னா நானே கொண்டுபோய்ச் சேக்கறேன், போ."

ரயில் பாதி வழியில் நிற்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

ஆறு மணிக்குத் திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. ஜன்னலருகே போனதுமே வாடை அடித்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் வந்துகொண்டிருந்தது. சமையலறைக்கு ஜன்னல் கிடையாது.

"அப்பா, கதவத் தெறங்க. கேஸ் லீக் ஆவுது."

நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"வண்டி போவலீங்கம்மா. கொஞ்சம் பொறுங்க."

"உள்ள அம்மா இருக்குதுப்பா."

"எல்லாரும் இதத்தானுங்க சொல்றாங்க. ஒருத்தருக்கு பிரசவம், ஒருத்தருக்கு நெஞ்சுவலி. தெறந்து வுட்டா டீக்கடையில போய் நிப்பாங்க."

உள்ளறையிலிருந்து செல்லம்மாளின் குரல் இருமலோடு வந்தது. "முப்பது வருசம் ஊரையே நிறுத்தி வெச்சீங்க. இப்ப பொண்டாட்டியையும் நிறுத்திட்டீங்களா?"

"ஹார்ன் அடிச்சாலும் தெறக்க முடியாதுங்க" என்றார் நஞ்சப்பன்.

அவர் இருந்த இடம் கம்பிக்குள் கை விட்டால் எட்டாத தூரம். மணிமேகலை ஓடிப்போய் வாசல் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். பக்கத்து வீட்டு மதியழகன் கடப்பாரையோடு வந்து கதவிடுக்கில் நெம்பப் போனார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"வேணாங்கண்ணா. இரும்பும் இரும்பும். ஒரு பொறி பறந்தா போதும்."

அவர் கடப்பாரையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

அவளே நடித்துப் பார்த்தாள். சுவர் மறைவில் நின்று குரலைத் தடிமனாக்கி, "ஸ்டேஷன் பேசறோம், கேட்டத் தெறங்க" என்றாள்.

"பிரைவேட் நம்பர் சொல்லுங்க." ஒவ்வொரு உத்தரவுக்கும் ஸ்டேஷனும் கேட்டும் சொல்லி, நோட்டில் எழுதிக்கொள்ளும் ரகசிய எண் அது.

"நூத்தி இருவது."

"ரெண்டு எலக்கத்துக்கு மேல நம்பரே கெடையாது. யாருங்க நீங்க?"

கம்பைநல்லூரில் இருக்கும் குப்புராஜ் அப்போதுதான் நினைவுக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அப்பாவோடு பதினெட்டு வருடம் போனில் பேசியவர். இரண்டாவது முறை அழைத்தபோது எடுத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"என் காரையே அரை மணி நேரம் நிறுத்துன ஆளும்மா உங்கப்பன்" என்றார். "நான் சொன்னா மட்டும் தெறந்துடுவானா? இரு. அவன் வழியிலதான் போவணும். கட் பண்ணு, நானே கூப்புடறேன். ரிங் சத்தம் அவனுக்குக் கேக்கட்டும்."

உள்ளே நஞ்சப்பன் எழுந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது.

"பொழுது எறங்கிடுச்சு. கைவெளக்கு ஏத்தணும்."

சமையலறைக்குள் போனவர் தீப்பெட்டியோடு திரும்பினார். அலமாரியிலிருந்து பழைய கைவிளக்கை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தார். ஒரு வருடமாக அதில் எண்ணெய் இல்லை. தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார்.

"அப்பா, வேணாம். அப்பா."

"வெளக்கு இல்லாட்டி டிரைவருக்கு எப்பிடிங்கம்மா தெரியும்?"

குச்சி பெட்டியின் ஓரத்தைத் தொட்டது. அவள் கையில் போன் அடித்தது.

நஞ்சப்பனின் கை நின்றது. தீப்பெட்டியைக் கீழே வைத்தார். ஸ்டேஷன் போனை மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அவள் ஸ்பீக்கரைப் போட்டுக் கம்பிக்குள் நீட்டினாள்.

"கேட்டு, நஞ்சப்பன்."

"மொரப்பூர் ஸ்டேஷன், குப்புராஜ். நஞ்சப்பா, அந்தக் கூட்ஸ் கேட்டுக்கு வராது. ஸ்டேஷனுக்கே பின்னால எடுத்துட்டோம். லைன் கேன்சல்."

"கடைசிப் பெட்டி நான் பாக்கலிங்க சார்."

"நான் பாத்தேன். கடைசிப் பெட்டி போர்டு இருந்துது. பிரைவேட் நம்பர் நாலு, ஏழு."

நஞ்சப்பன் நோட்டைத் தேடினார். ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. பேனாவைத் தேடினார். செல்லம்மாளின் இருமல் சத்தம் நின்றுபோயிருந்தது. மணிமேகலை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது பேசினால் அவர் மறுபடி அவளிடம் திரும்பிவிடுவார்.

"நாலு, ஏழு" என்று எழுதினார். "நேரம்?"

"பதினெட்டு இருபத்து மூணு."

அதையும் எழுதினார். "என் நம்பர் ரெண்டு, ஒம்போது. கேட்டு தெறக்கறேன் சார்."

முதலில் பின்கதவைத் திறந்தார். அதுதான் வழக்கம். பிறகு நிதானமாக முன்கதவுக்கு வந்தார். பூட்டுத் திறந்ததும் மணிமேகலை அவரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடி ரெகுலேட்டரை மூடினாள். மதியழகன் செல்லம்மாளைப் போர்வையோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். காற்றுப் பட்டதும் அவருக்கு இருமல் திரும்ப வந்தது. கண் விழித்தார்.

நஞ்சப்பன் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மகளைப் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மா. கொஞ்சம் பொறுத்தா ஒண்ணும் ஆயிடாது."

அவள் கீழே கிடந்த தீப்பெட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அன்புக்குப் போன் செய்தாள்.

சரக்கு ரயில் 6.40-க்குப் புறப்பட்டது. பிப்ரவரி 17, திங்கட்கிழமை காலை நஞ்சப்பன் தருமபுரி இல்லத்தில் சேர்க்கப்பட்டார். கொடிகளையும் நோட்டையும் உள்ளே அனுமதித்தார்கள். பூட்டுகளை மணிமேகலையிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.