படத்துக்கென்று ஒரு சேலை

பண்டமாரான் அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்த நாளைப் புனிதா பார்த்ததே இல்லை. மதியச் சோற்றுப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க நான்காம் மாடிக்கு அவள் ஏறி வரும்போது, வீரம்மா கதவருகே தயாராக நிற்பாள். பச்சைச் சேலை, முகம் நிறையப் பவுடர், கழுத்தில் கவரிங் சங்கிலி.

தனியாக வாழும் முதியவர்களுக்குச் சோறு கொடுக்கும் வேலையை நகராண்மைக் கழகம் புனிதாவின் தொண்டு நிறுவனத்திடம் விட்டு இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும், வாங்கியவர் முகத்தோடு ஒரு படம் எடுத்து அலுவலகம் வழியாகக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும்.

“சோறு வாங்கத்தானே ஆன்டி? கல்யாணத்துக்கா கிளம்புறீங்க?”

“படம் கவுன்சிலுக்குப் போகுதுல்ல? பிச்சைக்காரி மாதிரியா நிக்கச் சொல்ற? எடு லா. சிரிக்கவா?”

“சிரிங்க ஆன்டி, அழகா இருக்கு.”

தினமும் புனிதா அப்படித்தான் சொன்னாள்.

இந்த வருடம் அறுபது பொட்டலம் நாற்பதாகக் குறைந்தது. யாரை நீக்குவது என்பதை நிறுவனத்தின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து, படங்களைப் பார்த்தே முடிவு செய்தார்கள். புதிய பட்டியலில் வீரம்மா இல்லை.

புனிதா மேலாளர் கமலநாதனுக்குப் போன் செய்தாள். “அது கவரிங் சார். வீட்டுல அரிசி டின்னு காலி. நானே பார்த்திருக்கேன்.”

“நீங்க பார்த்தீங்க, கமிட்டி பார்க்கலையே. நகை போட்டுச் சிரிக்கிற அம்மாவைக் கஷ்டப்படுறவங்கன்னு எப்படிங்க காட்டுறது? சரி, அஞ்சு மணிக்குள்ள வேற படம் அனுப்புங்க. பேசிப் பார்க்கிறேன்.”

அன்று வீரம்மா தலையில் மல்லிகைச் சரம் வேறு வைத்திருந்தாள். புனிதா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். “என்னாலதான் ஆன்டி. நான்தான் சிரிக்கச் சொன்னேன்.”

வீரம்மா சங்கிலியைத் திருகினாள். பிறகு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சாயம் போன நைட்டியில் இருந்தாள். வெறும் கழுத்து. பூவும் இல்லை. பவுடர் கழுவிய முகம் வேறு யாருடையதோ போலிருந்தது.

“சிரிக்கக் கூடாதுல்ல?” என்றாள்.

“வேணாம் ஆன்டி.”

படம் போனது. கீழே இறங்குவதற்குள் கமலநாதனின் பதில் வந்துவிட்டது: “இது நல்லா இருக்கு. சேர்த்தாச்சு.” யாரை நீக்கிவிட்டு என்று கேட்கப் புனிதாவுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். அதே நைட்டியில் வந்த வீரம்மா பொட்டலத்தை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டாள். எதுவும் கேட்காமல், படம் எடுக்கட்டும் என்று தரையைப் பார்த்து நின்றாள்.